ஆடுறது கையா... ஆளா?

'அண்ணா, வணக்கம். ஊரு பென்னாகரம் பக்கம். பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம். கையில செகண்ட் ஹேண்ட் சோனி ஏ6400 இருக்கு. அதுகூடவே வந்த 16-50 லென்ஸ் இருக்கு. ரெண்டு வருஷமா முகூர்த்த நாள்ல ஒரு போட்டோகிராஃபர் அண்ணன்கூட லைட் பிடிக்கப் போய்ச் சேர்த்த காசு இருக்கு. ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம். எதை வாங்க? சீக்கிரம் சொல்லுங்கண்ணா. சித்திரையில எங்க தாத்தா கர்ணன் வேஷம் கட்டுறார். இதோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டார்.'

இதான் இந்த வாரம் வந்த மெயில்!

இந்தப் பக்கத்துக்கு வர்ற மெயில்ல பாதி, 'எந்த லென்ஸ் பெஸ்ட்?'ங்கிற ஒரே வரிதான். 'பட்ஜெட் என்ன பாஸ்?'னு திருப்பிக் கேட்டுட்டு எஸ்கேப் ஆகிடலாம். ஆனா, இந்தத் தம்பி கடைசி ரெண்டு வரியில என்னை உட்கார வெச்சுட்டார். அதனால இந்த வாரம் முழுக்க அவருக்குத்தான். நீங்களும் பக்கத்துல உட்காருங்க. உங்க கையில ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்து, 'தினமும் மாட்டிக்கிட்டுத் திரிய சின்னதா ஒரு ஜூம் வேணுமே'னு ஆசையும் இருந்தா, கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

போன் போட்டேன். தம்பி ஏற்கெனவே மூணு லென்ஸைக் குறிச்சு வெச்சிருக்கார். கடைக்கார அண்ணன் சொன்னது சோனி 18-135. யூடியூப் சொன்னது டாம்ரான் 17-70. ஹாஸ்டல் ரூம்மேட் சொன்னது சிக்மா 18-50. மூணு பேரும் மூணு திசை. "சரி, தாத்தா என்ன சொல்றார்?"னு கேட்டேன். "போன்லயே எடுடாங்கிறார்ணா..."ன்னார். (பெரியவங்க பெரியவங்கதான்!)

நான் எந்த லென்ஸையும் சொல்லலை. "போன வருஷம் எடுத்த படத்தையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல போடுங்க. லேப்டாப்ல ஒவ்வொரு படத்தோட விவரத்தையும் திறந்தா, எந்த மி.மீ.ல எடுத்ததுன்னு இருக்கும். அதை மட்டும் ஒரு நோட்ல எழுதிட்டு வாங்க"ன்னேன். பையன் கொஞ்சம் நொந்துட்டார். லென்ஸ் பேர் கேட்டா ஹோம்வொர்க் கொடுக்கிறானேன்னு நினைச்சிருப்பார். ஆனா, ரெண்டு நாள்ல பக்காவா எழுதி அனுப்பிட்டார்.

அவர் நோட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அந்த நம்பர்களோட அர்த்தம். (தெரிஞ்சவங்க ஒரு பாரா தாண்டிக்குங்க.) 16, 50, 135-ன்னு லென்ஸ் மேல போட்டிருக்கிறது மி.மீ. கணக்குல குவியத் தூரம். நம்பர் சின்னதுன்னா காட்சி அகலமா விழும். பெருசுன்னா தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். ஏ6400-ல இருக்கிற ஏ.பி.எஸ்.-சி சென்சாரோட அகலம் 23.5 மி.மீ. ஆள் எத்தனை அடி தள்ளி நிக்கிறாரோ, அதை 23.5-ஆல பெருக்கி, லென்ஸ் நம்பரால வகுத்தா, படத்துல எத்தனை அடி அகலம் விழும்னு வந்துடும். பத்தடி தூரத்துல 16-ல எடுத்தா சுமார் 14.5 அடி. 18-ல 13 அடி. 50-ல 4.7 அடி. 135-ல வெறும் 1.7 அடி, அதாவது மூஞ்சி மட்டும்.

16-க்கும் 18-க்கும் வித்தியாசம் ஒண்ணரை அடி. நம்ம வீட்டு ஹால்ல, முதுகு சுவத்துல ஒட்டி, இதுக்கு மேல பின்னால போக வழியே இல்லைங்கிறப்ப அந்த ஒண்ணரை அடிக்குள்ள ஒரு சித்தப்பா கட் ஆகிடுவார். வெளியிடம்னா ரெண்டு எட்டு பின்னால போனா தீர்ந்துது!

இப்ப தம்பியோட நோட்டு. எல்லாரும் ஜூம் லென்ஸ் வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்களோ அதையேதான் அவரும் பண்ணியிருக்கார். ஒண்ணு, இந்தக் கோடி. இல்லைன்னா, அந்தக் கோடி. வீட்டு விசேஷம், ஒகேனக்கல், ஃப்ரெண்ட்ஸ் கூட்டம்... எல்லாம் 16. கூத்து, கல்யாணம், கோயில் திருவிழா... எல்லாம் 50. நடுவுல இருக்கிற 24, 30, 35 ஆளில்லாத பஸ் ஸ்டாண்டு மாதிரி கிடக்கு.

"50-ல எடுத்த கூத்துப் படங்கள்ல எதையெல்லாம் அப்புறம் க்ராப் பண்ணினீங்க?"னு கேட்டேன். இந்தக் கேள்விதான் முக்கியம். ஏன்னா, க்ராப் பண்ணியிருந்தா அங்க 50 பத்தலைன்னு அர்த்தம். 18-135 வாங்க அதுதான் நியாயமான காரணம். தம்பி யோசிச்சுட்டு, "க்ராப் பண்ணலைண்ணா. நான் முன்னாடி பாய்லதான் உக்காருவேன், சின்னப் பசங்களோட"ன்னார். பாய்ல இருந்து ஆட்டக்காரர் பதினஞ்சு அடி இருப்பார்னு வெச்சுக்குங்க. 50-ல 7 அடி அகலம் விழும். கிரீடம், புஜக்கீர்த்தி, சுத்துற பாவாடைன்னு ஆளு முழுசா அடங்கிடுவார். அப்ப 135 எதுக்கு?

"அப்புறம் ஏன் புது லென்ஸ்?"

"எல்லாப் படமும் ஆடியிருக்குண்ணா..."

ஆங், மேட்டர் இங்கதான் இருக்கு!

படம் ஆடுறது ரெண்டு வகை. ஒண்ணு, நம்ம கை ஆடுறது. இன்னொண்ணு, எதிர்ல இருக்கிற ஆள் ஆடுறது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி மசமசன்னு இருக்கும். மருந்து மட்டும் வேற வேற. தப்பான மருந்தை காசு கொடுத்து வாங்கினவங்க லிஸ்ட்ல அடியேனும் உண்டு. 'தூரத்துல இருக்கிறதெல்லாம் வேணும்'னு ஒரு 55-210 வாங்கி, நாலே மாசத்துல அதை பீரோவுல துணிக்கடியில தூங்க வெச்சவன் நான்.

முதல் வகைக்கு உதாரணம், தருமபுரிக்குப் பக்கத்துலயே அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மண்டபத்து மேற்கூரையில பழைய ஓவியங்கள். உள்ளே வெளிச்சம் கம்மி. ஃப்ளாஷ் போடவே கூடாது, பழைய வண்ணத்துக்கு அது ஆகாது. (படம் எடுக்கலாமான்னு கோயில்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுதான் கேமராவையே வெளிய எடுக்கணும், அது தனி.) இங்க ஓவியம் ஆடப் போறதில்லை. அண்ணாந்து பார்க்கிற நம்ம கைதான் ஆடும். இதுக்கு மருந்து, லென்ஸ்லயோ கேமராவுலயோ இருக்கிற நடுக்கத் தடுப்பு. தம்பிகிட்ட இருக்கிற 16-50-ல ஓ.எஸ்.எஸ்.னு போட்டிருக்கே, அது அதுதான். டாம்ரான்ல வி.சி., நிக்கான்ல வி.ஆர்., கேனன்ல ஐ.எஸ்., ஃப்யூஜியில ஓ.ஐ.எஸ். பேர்தான் வேற. தூண்ல தோளைச் சாய்ச்சு, மூச்சை மெதுவா விட்டுக்கிட்டே 16-ல 1/10 விநாடி அழுத்தினாலும் ஓவியம் நறுக்குனு வரும். நாலு தடவை அழுத்துங்க, ஒண்ணு நிச்சயம் தேறும். இதுக்குப் புது லென்ஸே வேணாம்!

ரெண்டாவது வகைதான் தாத்தா.

ராத்திரி ரெண்டு மணி. கர்ண மோட்சம். முகவீணை கத்துது. கர்ணன் சபைக்குள்ள சுத்திச் சுத்தி வர்றார். வெளிச்சம்னு பார்த்தா கம்பத்துல கட்டின ரெண்டு, மூணு எல்.இ.டி. லைட்டுதான். ஐ.எஸ்.ஓ. 6400 வெச்சு, 50 மி.மீ.க்குப் போனா, கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல கண்ணைத் திறக்காது. கேமரா 1/30 விநாடி கேட்குதுன்னு வெச்சுக்குங்க. அந்த 1/30 விநாடியில தாத்தாவோட மூஞ்சி இங்கருந்து அங்க போயிடும். நடுக்கத் தடுப்பு எத்தனை இருந்தாலும் சரி, அது நம்ம கையைத்தான் பிடிக்கும். தாத்தாவைப் பிடிக்காது!

இதுக்கு ஒரே மருந்து ஷட்டரை வேகமாக்குறது. அதுக்கு வெளிச்சம் நிறைய உள்ளே வரணும். எஃப் 5.6-ல இருந்து எஃப் 2.8-க்கு வந்தா வெளிச்சம் ரெண்டு மடங்கு இல்லை பாஸ்... நாலு மடங்கு! ஓட்டை அகலம் ரெண்டு மடங்கானா பரப்பளவு நாலு மடங்காகும்ல, ஸ்கூல்ல படிச்ச வட்டம்தான். 1/30 இருந்தது 1/125 ஆகிடும். அதே லைட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே தாத்தா. மூஞ்சி நின்னுடும். பாவாடை ஓரம் மட்டும் லேசா கலையும். கலையட்டும், அதுதான் அழகு. ஆடுற மனுஷனை பொம்மை மாதிரி உறைய வெச்சா கூத்து எங்க இருக்கு?

இதுலயே இன்னொரு விஷயத்தையும் யாரும் சொல்ல மாட்டாங்க. கிட் லென்ஸ் மேல '3.5-5.6'ன்னு போட்டிருக்குல்ல, அந்த 3.5 அகலக் கோடிக்கு. அதாவது 16-ல எடுக்கிறப்ப அது எஃப் 3.5. அங்க எஃப் 2.8 லென்ஸுக்கு மாறினா கிடைக்கிற லாபம் ஒண்ணரை மடங்குதான். நாலு மடங்கு லாபம் கிடைக்கிறது 50 கோடியில மட்டும். அதனால, நோட்ல 16-ஆ எழுதியிருக்கிறவங்க எஃப் 2.8 ஜூமுக்குக் காசு கொட்டினா, கொட்டின அளவுக்குப் பலன் கிடைக்காது. 50-ஆ, அதுவும் ராத்திரி 50-ஆ எழுதியிருக்கிறவங்களுக்குத்தான் அது. நம்ம தம்பி மாதிரி.

ஆக, 18-135 அவுட். அதுவும் நீட்டினா எஃப் 5.6-தான். பகல்ல, கிரவுண்டுல, கிரிக்கெட், கபடின்னு எடுக்கிறவங்களுக்கு அருமையான லென்ஸ். ஏரியில கொக்கு எடுக்கவும் ஓரளவு தாங்கும். ராத்திரி ரெண்டு மணிக் கர்ணனுக்கு அது கிட் லென்ஸோட அண்ணன், அவ்வளவுதான்.

மிச்சம் ரெண்டு. டாம்ரான் 17-70-ம் எஃப் 2.8. சிக்மா 18-50-ம் எஃப் 2.8. பேப்பர்ல பார்த்தா டாம்ரான்தான் ஜெயிக்கும். ஒரு மி.மீ. அகலம் கூட. 70 வரைக்கும் போகுது. கூடவே நடுக்கத் தடுப்பு. சிக்மாவுல அது கிடையாது. ஏ6400 பாடியிலயும் கிடையாது. நடந்துக்கிட்டே வீடியோ எடுத்தா சிக்மாவுல படம் குலுங்கும், சந்தேகமே வேணாம்.

அப்புறம் ஏன் நான் சிக்மா பக்கம் சாயறேன்?

பால் பாக்கெட் கணக்குல சொல்றேன். ஏ6400 பாடி 403 கிராம். கிட் லென்ஸ் 116 கிராம். ரெண்டும் சேர்ந்தா கிட்டத்தட்ட அரை லிட்டர் பாக்கெட். சிக்மா 290 கிராம், பாடியோட சேர்த்தா 700-க்குக் கொஞ்சம் கீழே. டாம்ரான் 525 கிராம், பாடியோட 928. ஒரு லிட்டர் பாக்கெட்டை கழுத்துல மாட்டிக்கிட்டு பென்னாகரத்துல இருந்து தருமபுரிக்கு ஸ்டாண்டிங்ல டவுன் பஸ்ல வந்து பாருங்க. எடை போகட்டும், நீளத்தைப் பாருங்க. டாம்ரான் 12 செ.மீ. கிட்ட. சிக்மா 8 செ.மீ.க்கும் கீழே. புத்தகம், டிபன் பாக்ஸ், ரெக்கார்டு நோட்டுக்கு நடுவுல சிக்மா மாட்டின கேமராவை ஒரு துண்டுல சுத்திச் சொருகலாம். டாம்ரானுக்குத் தனிப் பை வேணும். தனிப் பைன்னு வந்துட்டா, 'இன்னிக்கு வேணாம், நாளைக்கு எடுத்துட்டுப் போலாம்'னு ஆரம்பிக்கும். அந்த 'நாளைக்கு' எனக்கு நல்லாத் தெரியும். என் பீரோவுலதானே தூங்குது!

வேலைக்குன்னா கதை வேற. தம்பி நாளைக்கு லைட் பிடிக்கிறதை விட்டுட்டு, கல்யாண போட்டோ, வீடியோவே தொழில்னு இறங்கினா டாம்ரான்தான் கெட்டி. மேடைக்குக் கீழ நின்னு 70-ல தாலி கட்டுறதை எடுக்கலாம், நடுக்கத் தடுப்போட வீடியோ ஓட்டலாம். அப்ப காசும் அந்த லென்ஸே சம்பாதிச்சுக் கொடுக்கும். இப்ப வேணாம். விலை வித்தியாசத்தையும் மறந்துடாதீங்க, சேர்த்த காசு மொத்தத்தையும் லென்ஸுல போட்டுட்டு செமஸ்டர் ஃபீஸுக்கு வீட்டுல நிக்கக் கூடாது.

சிக்மா வாங்கினா கிட் லென்ஸை வித்துடலாமான்னு கேட்டார். கூடவே கூடாது! அது விலைக்குப் போனாலும் பெருசா ஒண்ணும் தேறாது. வெச்சிருந்தா மூணு வேலைக்கு ஆகும். வீட்டு ஹால்ல சித்தப்பாவைக் காப்பாத்தற 16. கோயில் மண்டபத்துல நடுக்கத் தடுப்பு. மூணாவது, ஒகேனக்கல்.

'புகையும் கல்'னுதானே கன்னடத்துல அந்தப் பேருக்கே அர்த்தம்! அந்தப் புகை சும்மா வராது, லென்ஸ் மேல வந்து உட்காரும். 'ரோஜா' (1992) படத்துல 'சின்னச் சின்ன ஆசை' பாட்டுல சந்தோஷ் சிவன் காட்டின அருவியைப் பார்த்து மயங்கி கேமராவோட கிளம்புறவங்க, அவ்வளவு பெரிய யூனிட்டுக்கு லென்ஸ் துடைக்கத் தனியா ஆள் இருந்திருப்பாங்கங்கிறதை மறந்துடுறோம். பரிசல்ல நாம தனி ஆள். அந்த வட்டமான கூடை ஒரு சுத்து சுத்தினா, எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் தண்ணின்னே தெரியாது. அங்க போய் லென்ஸ் மாத்துறேன்னு மூடியைக் கழட்டுறது தற்கொலைக்குச் சமம், சென்சாருக்கு! கரையிலயே ஒண்ணை மாட்டிக்கிட்டு ஏறணும். பகல் வெளிச்சம், பக்கத்துப் பாறை, அகலக் காட்சி... 16-50 போதும். சிக்மாவுல மாட்டுற இடத்துல மட்டும் ஒரு ரப்பர் வளையம் இருக்கு. அதை நம்பி அருவிக்கு அடியில போயிடாதீங்க. ஷவர் கேப் ஒண்ணை வாங்கி, லென்ஸ் முனைக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டு சுத்தினா பத்து, இருபது ரூபாயில கோட்டு ரெடி. துடைக்க மைக்ரோஃபைபர் துணி. வேட்டி முனை, துப்பட்டா முனையெல்லாம் வேணாம், ப்ளீஸ்! குரங்கு இருக்கு, பையை ஜிப் போட்டு வைங்க.

கிட் லென்ஸுல ஒரு எரிச்சல் உண்டு. அதையும் சொல்லிடறேன். மோட்டார்ல நீள்ற ஜூம் அது. ஸ்விட்ச் போட்டதும் 'உய்ங்'னு வெளிய வந்து நிக்கிறதுக்குள்ள, எதிர்ல சிரிச்ச பாப்பா அழ ஆரம்பிச்சிருக்கும். சிக்மாவை கையால சுத்தினா போதும், கண்ணு போற இடத்துக்குக் கையும் போயிடும். கூத்துல இது பெரிய வித்தியாசம்.

மத்த கம்பெனி கேமராக்காரங்க கோவிச்சுக்காதீங்க, வேகமா சொல்லிடறேன். ஃப்யூஜியில 2012-லயே வந்த 18-55, எஃப் 2.8-4. 310 கிராம். நடுக்கத் தடுப்பும் உண்டு. செகண்ட் ஹேண்ட்ல நல்லது கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு... வேணாம், கண்ணைத் திறந்துக்கிட்டே வாங்குங்க. சிக்மா 18-50 ஃப்யூஜிக்கு 2022-லயும், கேனன் ஆர்.எஃப்.புக்கு 2024-லயும் வந்துடுச்சு. கேனன்ல கூட வர்ற 18-45 வெறும் 130 கிராம்தான், ஆனா நீட்டினா எஃப் 6.3. ராத்திரிக்கு அது இன்னும் கஷ்டம். நிக்கான் இசட்டுல 16-50 வி.ஆர். 135 கிராம், அதுவும் கடைசியில 6.3. அதுலயே எஃப் 2.8-ன்னு தனியா ஒண்ணை 2025-ல விட்டாங்க. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு பானாசோனிக் 12-32 இருக்கே... 70 கிராம்! சட்டைப் பாக்கெட்டுல போட்டா இருக்கிறதே தெரியாது. தொலைஞ்சாலும் தெரியாது, ஜாக்கிரதை.

இதே வாரம் அரூர்ல இருந்து ஒரு தங்கச்சியும் எழுதியிருந்தாங்க. எம்.ஏ. வரலாறு. ப்ராஜெக்ட்டுக்கு நடுகல் படம் எடுக்கிறாங்களாம். எஃப் 2.8 வாங்கலாமான்னு கேள்வி. அவங்களுக்கு என் பதில் ஒரே வார்த்தை: வாங்காதீங்க! நடுகல் ஆயிரத்துச் சொச்சம் வருஷமா ஆடாம நிக்குது. உங்களுக்கு வேண்டியது பக்கவாட்டு வெளிச்சம். காலையில ஏழரை மணிக்கும், சாயங்காலம் அஞ்சு மணிக்கும் வெயில் சாய்வா விழறப்ப, வட்டெழுத்து ஒவ்வொண்ணும் பள்ளத்துல நிழல் கட்டி எழுந்து நிக்கும். உச்சி வெயில்ல அதே கல்லு வெறும் கல்லு. எஃப் 8 வைங்க, 30 பக்கம் வைங்க (16-ல எடுத்தா ஓரம் வளையும், கல்லோட உருவமே மாறிடும்), கல்லுக்கு நேரா, சமமா நில்லுங்க. அளவு தெரிய ஒரு ஸ்கேல் பக்கத்துல இருக்கட்டும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துல வரிசையா நடுகல் இருக்கு. அனுமதி கேட்டு முதல்ல அங்க பழகிப் பாருங்க. லென்ஸுக்கு வெச்சிருந்த காசுல மலையேறி, காட்டுக்குள்ள இருக்கிற கல்லையெல்லாம் பார்த்துட்டு வரலாம். பஸ், ஆட்டோ, சாப்பாடு, எல்லாம் போகவும் மிச்சம் இருக்கும்.

சரி, தம்பிக்கு வருவோம். புதுசா, செகண்ட் ஹேண்டா? புதுசுன்னா சேலமோ பெங்களூரோ, பில்லும் வாரன்டி கார்டும் கையில வாங்காம கடையை விட்டு இறங்காதீங்க. 'பில் இல்லாம விலை கம்மி'ங்கிற பேச்சே வேணாம். செகண்ட் ஹேண்ட்னா நேர்ல போய், உங்க கேமராவுலயே மாட்டிப் பார்க்கணும். முதல்ல லென்ஸோட பின்பக்கத்துல இருந்து செல்போன் டார்ச் அடிச்சு, முன்பக்கமா உள்ளே பாருங்க. தூசி ரெண்டு, மூணு இருந்தா பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தா அது பூஞ்சை. எத்தனை கம்மியாக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அடுத்து, சுவத்துல ஒரு நியூஸ் பேப்பர் ஷீட்டை விரிச்சு ஒட்டி, நேரா நின்னு எஃப் 2.8-ல எடுங்க. நாலு மூலையையும் பெருசு பண்ணிப் பாருங்க. நாலும் ஒரே அளவு மங்கலா இருந்தா அது லென்ஸோட சுபாவம். ஒரு மூலை மட்டும் ரொம்ப மசங்கியிருந்தா அந்த லென்ஸ் எங்கயோ கீழ விழுந்திருக்கு. ஜூமை மெதுவா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுத்துங்க. மணல் அரைக்கிற சத்தம் கேட்டா அதுவும் வேணாம்.

லென்ஸ் சித்திரைக்கு ஒரு மாசம் முன்னாடியே கையில இருக்கணும். கூத்தன்னிக்கு பெட்டியைப் பிரிச்சா ஒண்ணும் ஆகாது. உங்க ஊர்ல பங்குனியிலயே எங்கயாவது கூத்து ஆரம்பிச்சுடும். ஒரு ராத்திரி போய் யார் வேஷம் கட்டினாலும் எடுத்துப் பாருங்க. ஒண்ணு கவனிங்க... ஆட்டக்காரர் சுத்தி வந்து தாளம் முடியற இடத்துல ஒரு நொடி நிப்பார். பாட்டோட சேர்ந்து கேட்டா அந்த இடம் வர்றது முன்கூட்டியே தெரியும். அங்க அழுத்தினா 1/60-ல கூட மூஞ்சி நிக்கும். லென்ஸ் நாலு மடங்கு வெளிச்சம் கொடுக்குதுன்னா, தாளம் தெரிஞ்ச விரல் அதுக்கு மேல கொடுக்கும். தாத்தா பேரனுக்கு இதை நான் சொல்லணுமா என்ன!

எல்.இ.டி. லைட்டுல படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையா கோடு விழுந்தா பயந்துடாதீங்க. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைச்சுட்டு, மெக்கானிக்கல் ஷட்டர்ல 1/100-க்கு வாங்க. நம்ம ஊர் கரன்ட்டுக்கு அதுதான் ஒத்துவரும். ஃப்ளாஷ் மட்டும் வேணவே வேணாம். விடிய விடிய ஆடுற மனுஷன் கண்ணுல அடிக்கிறது பாவம். அந்த மஞ்ச வெளிச்சமும் போயிடும்.

அப்புறம் தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்குக் காத்திருக்காதீங்க. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, வேஷம் கட்டுற இடத்துக்குப் போயிடுங்க. ஜமாவுல பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒரு மூலையில உட்காருங்க. தாத்தா கண்ணாடியைக் கையில பிடிச்சு, அவர் மூஞ்சிக்கு அவரே அரிதாரம் பூசுவார். அங்க 18-ல வைங்க. அந்த லென்ஸ் அகலக் கோடியில 12 செ.மீ. வரைக்கும் கிட்டப் போய் ஃபோகஸ் பண்ணும். கண்ணாடி, அதுல பாதி மூஞ்சி, வண்ணக் கிண்ணம், அவர் விரல் எல்லாம் ஒரே படத்துல விழும். தாத்தா கிரீடத்தைத் தலையில வெக்கிறப்ப 50-க்குப் போயிடுங்க.

போறதுக்கு முன்னாடி மெமரி கார்டைக் காலி பண்ணிக்குங்க. பேட்டரி ரெண்டு. படம் வந்ததும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க, தாத்தாவுக்கு ஒண்ணு பிரின்ட் போட்டுக் கொடுங்க. பெரிய சைஸ்ல!